அவுரி நீலமும் இண்டோல் வளையமும்

நுழையும்முன்

பச்சைத் தழையை ஊறவைத்து நீலச்சாயம் எடுத்த எளிய மக்களின் தொழிலிலிருந்து வேதியியலுக்கு ஒரு புதிய மூலக்கூறு கிடைத்தது. மல்லிகையின் மணத்திலும் தளிரின் நுனியிலும் மனித மூளையிலும் அதே மூலக்கூறின் சாயல் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் கண்டறிந்தன. அந்த ஆய்வுகளின் வரலாற்றையும், அவற்றால் வாழ்ந்தோரையும் தாழ்ந்தோரையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தொட்டியில் பிறந்த நீலம்

புதுச்சேரியின் வட எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் கனகசெட்டிக்குளம். அங்கிருந்து வடமேற்கே சென்றால் திண்டிவனம். தெற்கே சென்றால் புதுச்சேரி நகரம். அதையும் கடந்தால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. பேருந்தில் ஒரே நாளில் சுற்றிவந்துவிடக்கூடிய இச்சிறு நிலப்பரப்பு, நீலச்சாயத்தின் வரலாற்றில் பெரிய இடம் பெற்றது. 1945ஆம் ஆண்டு அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், அங்கு வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமிடும் தொட்டிகள் என்று கருதினார். அக்கருத்தை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆயினும், பிற்காலத்தில் இப்பகுதி சாயத்தொழிலில் சிறந்து விளங்கியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

நீலச்சாயத்தைத் தரும் செடி அவுரி. நீலி என்றும் அதற்குப் பெயருண்டு. பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் பூக்கும். இலையைக் கசக்கிப் பார்த்தால் நீலம் தெரியாது. உண்மையில் பச்சை இலைக்குள் நீலம் என்று ஒன்று இல்லவே இல்லை. இண்டிகன் எனப்படும் நிறமற்ற ஒரு பொருள்தான் இருக்கிறது. அதிலிருந்து நீலத்தை வெளிக்கொணரும் வழியை, மூலக்கூறு என்ற சொல்லே பிறவாத காலத்தில் நம் முன்னோர் கண்டிருந்தனர் என்பதுதான் வியப்பு.

அறுத்த தழையைக் கட்டுக் கட்டாக மேல்தொட்டியில் அடுக்கி, மிதக்காதபடி கழிகளால் அழுத்தி, நீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுவர். நீரில் குமிழிகள் எழும். மஞ்சள் கலந்த பச்சை நிறம் தோன்றும். இலையிலுள்ள நொதியும் நீரிலுள்ள நுண்ணுயிரிகளும் இண்டிகனைப் பிளந்து, சர்க்கரையைத் தனியாகவும் இண்டாக்சில் என்னும் பொருளைத் தனியாகவும் ஆக்குகின்றன. அந்நீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் அதனுள் இறங்கி, வரிசையாக நின்று, கால்களால் உதைத்தும் துடுப்பால் அடித்தும் கலக்குவர். பார்ப்பவர்க்கு அது வீண் ஆரவாரம்போலத் தோன்றும். ஆனால், ஒவ்வோர் அடியிலும் காற்று நீருக்குள் புகுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் இணைந்து ஒரு நீல மூலக்கூறாகின்றன. நுரை முதலில் பச்சையாகி, பின் நீலமாகும். நீரில் கரையாத அந்நீலம் மெல்ல அடியில் படியும். படிந்த குழம்பைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்திப் பிழிந்து, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவர். திண்டிவனத்தைச் சூழ்ந்த ஊர்களில் இம்முறையில் சாயம் எடுப்போர் இன்றும் சிலர் உள்ளனர்.

நீரில் கரையாத பொருளைக் கொண்டு துணிக்கு எவ்வாறு நிறமேற்றுவது? இதற்கும் ஒரு நுட்பம் இருந்தது. சாயக்காரர்கள் நீலக்கட்டியைப் பொடித்து, சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தாழியில் புளிக்கவைத்தனர். புளிக்கும்போது பெருகும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ள, நீலம் தன் நிறத்தை இழந்து, கரையக்கூடிய வெளிர்மஞ்சள் பொருளாக ஒடுங்குகிறது. அக்கரைசலில் தோய்த்த நூல் வெளியே வரும்போது மஞ்சளாக இருக்கும். காற்றுப் படப்படப் பச்சையாகி, கண்முன்னே நீலமாகும். நிறம் இழைக்கு உள்ளேயே பிறப்பதால் வெளுத்தாலும் எளிதில் போகாது. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று நீங்கள் வேதியியல் பாடத்தில் படிக்கும் இரண்டையும் அத்தாழி ஒருங்கே செய்து காட்டியது.

புதுச்சேரியிலிருந்து இந்த நீலத்துணி கப்பலேறியது. பிரெஞ்சு வணிகர் அதனைக் 'கினே' என்றழைத்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில், கருவேலம் பிசினை விற்பவர்கள் அதற்கு ஈடாக இத்துணியைத்தான் கேட்டுப் பெற்றனர். அங்கு அது ஏறக்குறைய நாணயமாகவே வழங்கியது. ஐரோப்பாவில் நெய்த போலித் துணிகளை அவர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்து ஒதுக்கினர் என்பர். புதுச்சேரியில் 1828ஆம் ஆண்டளவில் எழுந்த முதல் பஞ்சாலையும் இவ்வணிகத்தை நம்பியே தொடங்கியது.

வளையத்தைக் கண்டவர்கள்

ஐரோப்பியர் இச்சாயத்தை 'இண்டிகோ' என்றனர். 'இந்தியாவிலிருந்து வந்தது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. பெர்லினில் அடால்ஃப் பேயர் என்னும் சிறுவன், தன் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கிடைத்த காசில் ஒரு கட்டி இண்டிகோ வாங்கினான் என்று சொல்வார்கள். வளர்ந்து வேதியியலாளரான பின்னும் அவரை அந்த நீலம் விடவில்லை. 1865ஆம் ஆண்டு அதனை ஆராயத் தொடங்கினார். மூலக்கூறைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆக்சிஜனை நீக்கிக்கொண்டே சென்றார். 1866ஆம் ஆண்டு, இண்டிகோவிலிருந்து பெற்ற ஒரு பொருளைத் துத்தநாகப் பொடியுடன் சூடாக்கியபோது, எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஓர் எளிய பொருள் கிடைத்தது. இண்டிகோ என்னும் சொல்லோடு எண்ணெயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் பகுதியைச் சேர்த்து, அதற்கு 'இண்டோல்' என்று பெயர் அமைந்தது. ஆகவே, உலகெங்கும் வேதியியல் நூல்களில் இப்பெயரை எழுதுவோர் அனைவரும் அறிந்தோ அறியாமலோ நம் நாட்டின் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றனர்.

இண்டோலின் வடிவம் எளியது. ஆறு கார்பன் அணுக்களாலான அறுகோண வளையம் ஒன்று. நான்கு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த ஐங்கோண வளையம் மற்றொன்று. இரண்டும் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு ஒட்டியுள்ளன. ஒரே நடுச்சுவரைக் கொண்ட இரு வீடுகளை எண்ணிக்கொண்டால் போதும். பொதுப்பக்கத்தின் இரு கார்பன்களையும் ஒருமுறையே கணக்கிட்டால் எட்டுக் கார்பன், ஏழு ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன். இவ்விரட்டை வளையம் எளிதில் உடையாதது; ஆனால், ஐங்கோணத்தின் ஒரு முனையில் பிற அணுத்தொகுதிகளை விரும்பி ஏற்றுக்கொள்வது. அந்த முனையில் என்ன ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து இது சாயமாகும், மணமாகும், மருந்தாகும்.

பேயர் 1883ஆம் ஆண்டு இண்டிகோவின் முழு அமைப்பையும் அறிவித்தார். அதே ஆண்டில் அவருடைய மாணவர் எமில் ஃபிஷர், இண்டோல் வளையத்தைச் செயற்கையாக உருவாக்கும் பொதுமுறை ஒன்றைக் கண்டார். மருந்து வேதியியலார் இன்றும் கையாளும் முறை அது. ஃபிஷருக்கு 1902லும் பேயருக்கு 1905லும் நோபல் பரிசு கிடைத்தது. ஆசிரியருக்கு முன்பே மாணவர் பரிசு பெற்ற அரிய நிகழ்வு இது!

அமைப்பு தெரிந்துவிட்டது, ஆனால், மலிவாகச் செய்வது எளிதாக இருக்கவில்லை. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் செலவிட்டது. அந்துருண்டையின் மூலப்பொருளான நாப்தலினைத் தேவையான அமிலமாக மாற்றும் படி மட்டும் மிக மெதுவாக நடந்தது. ஒருநாள் கலவையைக் கிளறிய வெப்பமானி உடைந்து, அதிலிருந்த பாதரசம் கலந்தது. வினை விரைந்து நடந்தது. பாதரசம் வினையூக்கியாகச் செயல்படுவதை அவ்விபத்தே காட்டிக்கொடுத்தது. 1897ஆம் ஆண்டு செயற்கை இண்டிகோ விற்பனைக்கு வந்தது.

அதன் விளைவு என்ன? 1897ஆம் ஆண்டில் உலகில் செடிகளிலிருந்து எடுக்கப்பட்ட நீலம் ஏறத்தாழ 19,000 டன். 1914ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 1,000 டன். பதினேழே ஆண்டுகளில் ஒரு தொழில் ஏறக்குறைய அழிந்தது. சென்னை மாகாணத்தில் கடப்பையும் தென்னார்க்காடும் அவுரிக்குப் பெயர்பெற்ற மாவட்டங்கள். இங்கு அவுரியைப் பெரும்பாலும் சிறு உழவர்களே தம் நிலத்தில் பிற பயிர்களோடு மாற்றி மாற்றிப் பயிரிட்டனர். சாயம் எடுத்தபின் மிஞ்சிய தழையை நெல்வயலுக்கு உரமாக இட்டனர். விலை வீழ்ந்தபோது அவர்கள் வேறு பயிருக்கு மாறினர். தொட்டிகள் பாழடைந்தன.

பீகாரின் சம்பாரணில் நிலைமை கொடியதாக இருந்தது. அங்கு நிலத்தில் இருபதில் மூன்று பங்கு அவுரியே பயிரிடவேண்டும் என்று ஆங்கிலத் தோட்டக்காரர்கள் குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தனர். செயற்கைச் சாயம் வந்ததும் அவுரி அவர்களுக்கு வேண்டாததாயிற்று. அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே? 'அவுரியிலிருந்து விடுதலை வேண்டுமானால் கூடுதல் குத்தகை கொடு' என்று அந்த இழப்பையும் குடியானவர் தலையிலேயே சுமத்தினர். 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றது இம்முறையீட்டைக் கேட்டுத்தான். மறு ஆண்டு அக்கட்டாய முறையைச் சட்டம் ஒழித்தது. ஒரு ஜெர்மானிய ஆய்வுக்கூடத்தில் வரையப்பட்ட வளையத்துக்கும் இந்திய விடுதலைப் போரின் ஒரு திருப்பத்துக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பதை வரலாற்றுப் பாடமும் வேதியியல் பாடமும் தனித்தனியே இருக்கும்வரை நாம் காண்பதில்லை.

உணவில் ஒளிந்திருந்த வளையம்

இண்டோல் சாயத்தோடு நின்றிருந்தால் அதன் கதை இங்கேயே முடிந்திருக்கும். புரத உணவு குடலில் செரிக்கும்போது ஒரு புதிய பொருள் வெளிப்படுவதைக் கண்ட அறிஞர்கள், டிரிப்சின் என்னும் செரிமான நொதியின் பெயரையொட்டி அதனை 'டிரிப்டோஃபேன்' என்றனர். பெயர் இருந்ததே தவிர, பொருளைத் தனியாகப் பிரித்தெடுக்க எவராலும் இயலவில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மாணவர்களின் செய்முறை வகுப்பில் ஒரு சிக்கல் எழுந்தது. புரதக் கரைசலோடு அசிட்டிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றவேண்டும். சில புட்டிகளிலிருந்த அமிலத்தைச் சேர்த்தபோது நிறம் தோன்றவில்லை. 'செய்முறை சரியாக வரவில்லை' என்று கடந்துசெல்லாமல், ஏன் வரவில்லை என்று ஃபிரெடரிக் ஹாப்கின்ஸ் ஆராய்ந்தார். நிறம் தந்தது அசிட்டிக் அமிலமன்று. அதில் மாசாகக் கலந்திருந்த வேறோர் அமிலம். தூய அமிலத்தில் அம்மாசு இல்லாததால் நிறமும் இல்லை! அந்த நுனியைப் பற்றிச் சென்ற ஹாப்கின்சும் சிட்னி கோலும் 1901ஆம் ஆண்டு டிரிப்டோஃபேனைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறில் இருந்தது பேயர் கண்ட அதே இண்டோல் வளையம். அதன் முனையில் ஓர் அமினோ அமிலத் தொகுதி தொங்கிக்கொண்டிருந்தது.

மக்காச்சோளத்தின் முதன்மைப் புரதமான சீன் அந்த ஊதா நிறத்தைத் தரவில்லை. அதாவது, அதில் டிரிப்டோஃபேன் இல்லை. 1906ஆம் ஆண்டு எடித் வில்காக்கும் ஹாப்கின்சும் சுண்டெலிகளுக்குப் புரதமாகச் சீனை மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். எலிகள் விரைவில் சோர்ந்து மடிந்தன. அதே உணவில் சிறிது டிரிப்டோஃபேன் சேர்த்தபோது அவை வளரவில்லை எனினும், கூடுதல் நாள் உயிர் வாழ்ந்தன. வயிறு நிறைவது வேறு, உடல் வாழ்வது வேறு என்பது அளந்து காட்டப்பட்டது. மனித உடலாலும் டிரிப்டோஃபேனைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்துதான் பெறவேண்டும். பால், முட்டை, மீன், பயறு, நிலக்கடலை, எள் ஆகியவற்றில் அது உண்டு.

இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பாரிசில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எலும்பைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் கஞ்சி ஏழைகளுக்குப் போதிய உணவாகுமா என்பதே வினா. மஜென்டி தலைமையிலான குழு, ஜெலட்டினை மட்டும் உண்ட நாய்கள் பிழைக்கவில்லை என்று 1841ஆம் ஆண்டு அறிவித்தது. காரணம் அப்போது விளங்கவில்லை. எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் டிரிப்டோஃபேன் அறவே இல்லை. அதிலிருந்து வரும் ஜெலட்டினிலும் இல்லை. அந்தக் கொலாஜனின் மூவிழை முறுக்கு வடிவத்தை 1954ஆம் ஆண்டு கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமர்ந்தால்தான் அம்முறுக்கு அமையும்.

சோளமும் ஒரு வினாவும்

மக்காச்சோளமே முதன்மை உணவான இடங்களில் பெல்லாக்ரா என்னும் நோய் மக்களை வாட்டியது. வெயில் படும் கழுத்திலும் கைகளிலும் தோல் கறுத்துச் சொரசொரப்பாகும், வயிற்றுப்போக்கு விடாது, பின்னர் மனம் பேதலிக்கும், மருத்துவம் இல்லையெனில் சாவில் முடியும். 'சொரசொரத்த தோல்' என்பதுதான் அந்த இத்தாலியப் பெயரின் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது பரவியபோது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். உணவுக் குறைபாடே காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் வாதாடினார். 1937ஆம் ஆண்டு கான்ராட் எல்வெஜெம், நியாசின் என்னும் வைட்டமின் இந்நோயைத் தீர்க்கும் என்று காட்டினார். பின்னர், 1945ஆம் ஆண்டளவில், டிரிப்டோஃபேனும் அவ்வேலையைச் செய்யும் என்பது தெரியவந்தது. உடல் டிரிப்டோஃபேனைப் படிப்படியாக மாற்றி நியாசின் ஆக்கிக்கொள்கிறது. 60 மில்லிகிராம் டிரிப்டோஃபேனிலிருந்து 1 மில்லிகிராம் நியாசின் கிடைக்கும் என்பது இன்றைய கணக்கு.

மக்காச்சோளத்தை உலகுக்குத் தந்த மெக்சிகோ மக்களை மட்டும் இந்நோய் பெரிதும் தாக்கவில்லை. அவர்கள் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பின்பே அரைத்து உண்டனர். தானியத்தில் பிணைந்து கிடக்கும் நியாசினைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது. தானியத்தைக் கொண்டுசென்ற ஐரோப்பியர் அச்சமையல் முறையைக் கொண்டுசெல்லவில்லை.

நம் நாட்டிலும் பெல்லாக்ரா இருந்தது. ஆனால், தக்காணப் பீடபூமியில் அதற்கு ஆளானவர்கள் மக்காச்சோளம் உண்டவர்கள் அல்லர், சோளம் உண்டவர்கள். நகரங்களில் இன்று மக்காச்சோளத்தையே சோளம் என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு தானியங்கள் என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும். மேலைநாட்டு நூல்கள் கூறிய காரணம் சோளத்துக்குப் பொருந்தவில்லை. சோளத்தில் டிரிப்டோஃபேன் அவ்வளவு குறைவன்று. நியாசினும் மக்காச்சோளத்தில் இருப்பதுபோல் பிணைந்து கிடக்கவில்லை. பின் ஏன் நோய் வருகிறது?

இவ்வினாவை எடுத்துக்கொண்டவர் மருத்துவர் சி. கோபாலன். 1918ஆம் ஆண்டு சேலத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவர் பிறந்த அதே 1918இல் இராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆய்வுப்பிரிவே பின்னர் வளர்ந்து, 1958ஆம் ஆண்டு ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அங்கு நோயாளிகளை நேரில் கண்ட கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகண்டையாவும் 1960ஆம் ஆண்டு ஒரு புதிய விளக்கத்தை முன்வைத்தனர். சோளத்தில் லியூசின் என்னும் வேறோர் அமினோ அமிலம் மிகுதி. அம்மிகுதி, டிரிப்டோஃபேன் நியாசினாக மாறுவதையும் நியாசின் பயன்படுவதையும் குலைக்கிறது என்றனர். ஒன்று குறைவதால் மட்டுமன்று, மற்றொன்று மிகுவதாலும் நோய் வரக்கூடும் என்பது அன்று புதிய சிந்தனை.

இக்கருத்து எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. வேறு சில ஆய்வுக்கூடங்களில் அதே முடிவு கிடைக்கவில்லை. லியூசினோடு பிற அமினோ அமிலங்களின் விகிதமும் வேறு வைட்டமின்களின் அளவும் பங்கு பெறுகின்றன என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. இந்த விவாதத்தைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. நோயாளியின் தட்டில் இருந்ததைப் பார்த்து எழுப்பப்பட்ட வினா அது. பாடநூலில் இருந்த விடையை அப்படியே ஒப்புவித்திருந்தால் எழுந்தே இருக்காது. சோளத்தோடு பருப்பும் பாலும் சேர்ந்தபோது, உணவு பலவகைப்பட்டபோது, அந்நோயும் அருகியது.

மக்காச்சோளத்தையே மாற்றும் முயற்சியும் நடந்தது. டிரிப்டோஃபேனும் லைசினும் மிகுந்த ஒரு மரபு வகை 1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதன் மணி மாவாக உதிர்ந்தது, பூச்சி அரித்தது, விளைச்சலும் குறைவு. இந்தியரான சுரிந்தர் வாசலும் மெக்சிகோவின் எவாஞ்சலினா வில்லேகாசும் பல ஆண்டுகள் உழைத்து அக்குறைகளைக் களைந்தனர். 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

நாற்றமும் நறுமணமும்

உண்ட டிரிப்டோஃபேனில் ஒரு பகுதி பெருங்குடலை அடைகிறது. அங்கு வாழும் ஈ.கோலை போன்ற நுண்ணுயிரிகள் அதனை வெட்டி இண்டோலை வெளிவிடுகின்றன. மலத்தின் நாற்றத்துக்குக் காரணமானவற்றுள் இண்டோலும் ஒன்று. அதே இண்டோல், மிகச் சிறிய அளவில், மல்லிகையின் மணத்திலும் இருக்கிறது! செறிவு மிகுந்தால் முகம் சுளிக்கவும், குறைந்தால் கூந்தலில் சூடவும் செய்கிறோம். மல்லிகையின் மணத்தைச் செயற்கையாக ஆக்குவோர், இண்டோலைச் சிறிது சேர்க்காமல் அம்மணத்தை முழுமையாகக் கொண்டுவர முடியாது என்பர்.

நுண்ணுயிரியியல் ஆய்வகத்தில் இப்பண்பு பயன்படுகிறது. டிரிப்டோஃபேன் கலந்த ஊடகத்தில், ஐயத்துக்குரிய கிணற்றுநீரிலிருந்து வளர்த்த நுண்ணுயிரியை இட்டு ஒருநாள் வைத்து, கோவாக் வினைப்பொருளைச் சில துளி விட்டால், இண்டோல் இருப்பின் மேற்பரப்பில் செந்நிற வளையம் தோன்றும். பிற சோதனைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, நீரில் மலக்கழிவு கலந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கும். வெள்ளம் வடிந்தபின் கடலோர ஊர்களில் நீரைச் சோதிக்கும்போது இச்செவ்வளையம் பலரது உயிரைக் காக்கும் எச்சரிக்கையாகிறது.

செடிகளும் டிரிப்டோஃபேனிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருளை ஆக்கிக்கொள்கின்றன. இண்டோல் அசிட்டிக் அமிலம் என்பது அதன் பெயர். ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள்களுள் தலையாயது. தளிர் ஒளியை நோக்கி வளைவது இதன் செயல். நிழல்பக்கத்தில் ஆக்சின் கூடுவதால் அப்பக்கத்துச் செல்கள் நீளுகின்றன. நாற்றங்கால்களில் பதியன் குச்சியின் அடியைத் தோய்த்து நடும் வேர்ப்பொடியில் இருப்பதும் இதன் உறவுப்பொருளே.

நம் உடலில் டிரிப்டோஃபேனின் ஒரு சிறு பகுதி செரோட்டோனின் ஆகிறது. இரவில் அதிலிருந்து மெலட்டோனின் உருவாகி உறக்கத்துக்கு வழிசெய்கிறது. வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருப்பதால் அதை உண்டால் மனம் மகிழும் என்று சிலர் எழுதுவதைக் காண்கிறோம். பழத்திலுள்ள செரோட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. டிரிப்டோஃபேனே நுழையும், அதுவும் பிற அமினோ அமிலங்களோடு போட்டியிட்டே. வாழைப்பழம் நல்ல உணவு. அதற்கு இப்பொய்ப் புகழ் வேண்டியதில்லை.

மணலில் பூத்த மருந்து

கடலோர மணலில் நட்டாரின்றிப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டு முற்றத்தில் வைக்கத் தயங்குவோரும் உண்டு. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அச்செடி, டிரிப்டோஃபேனை முதலாகக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பல படிகளில் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரு பொருள்களை ஆக்குகிறது. கனடாவில் இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் நீரிழிவுக்கு மருந்தாகுமோ என்று இச்செடியை ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படியானால் வெள்ளணுக்கள் பெருகும் இரத்தப்புற்றுக்கு உதவுமோ என்று எண்ணினர். 1958ஆம் ஆண்டு வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டது. வின்கிரிஸ்டின் இன்று குழந்தைகளின் இரத்தப்புற்று மருத்துவத்தில் தவிர்க்க இயலாத மருந்து.

செடியில் இவற்றின் அளவு மிகக் குறைவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், மழையை மட்டும் நம்பிய வறண்ட நிலங்களில், உழவர்கள் நித்தியகல்யாணியைப் பயிரிட்டு இலையையும் வேரையும் விற்கின்றனர். பிற பயிர் காய்ந்தாலும் இது நிற்கும் என்பதே அவர்கள் கூறும் காரணம்.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்குழு, மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றின் மரபணுக்களை ஈ.கோலைக்குள் செலுத்தியது. அவர்கள் தேடியது நாப்தலினைச் சிதைக்கும் நொதியை. வளர்ந்த நுண்ணுயிரிகளோ நீலநிறமாயின. ஈ.கோலை தன் வழக்கப்படி டிரிப்டோஃபேனை இண்டோலாக வெட்டியது; புதிய நொதி அந்த இண்டோலில் ஆக்சிஜனை ஏற்றியது; காற்றுப் பட்டதும் இண்டிகோ தோன்றியது. தொட்டியில் ஆட்கள் இறங்கிக் கலக்கிப் பெற்ற அதே நீலம்!

அவ்வழியில் 2022ஆம் ஆண்டு, டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள், ரொட்டி பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்குள் பல மரபணுக்களைச் சேர்த்தும் திருத்தியும், வின்பிளாஸ்டினின் இரு பாதிகளை அதனையே ஆக்கவைத்தனர். நோயாளிகளுக்கு அது நற்செய்தி. செடி விளைச்சல் பொய்த்து மருந்து தட்டுப்படும் நிலை இனி மாறக்கூடும். அவ்வாய்வில் ஒரு லிட்டர் ஈஸ்ட்டுக் கரைசலிலிருந்து கிடைத்தது ஒரு மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. பேயர் 1883ஆம் ஆண்டு இண்டிகோவின் அமைப்பை அறிவித்தபோதும் அது ஆய்வுக்கூடத்துச் செய்தியாகவே இருந்தது. அவுரித் தொட்டிகளை எட்ட அதற்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. நித்தியகல்யாணி இலை இன்றைக்கும் தென்மாவட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக லாரியேறிக்கொண்டிருக்கிறது.